எடைப் போர்வை: உறக்கத்துக்கு அல்ல, பள்ளி விட்டு வரும் நேரத்துக்கு

ஆட்டிசம் உள்ள எங்கள் மகனுக்கு எட்டு வயது, எடை 24 கிலோ. மாலையில் பள்ளி வேனிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் பையை எறிந்துவிட்டு, காதுகளைப் பொத்தியபடி தோளால் சுவரில் மோதுவான். அந்த அரை மணி நேரத்தை எப்படிக் கடப்பது என்று தெரியாமல்தான் எடைப் போர்வை ஒன்றை இணையத்தில் வாங்கினோம். ஐந்து மாதம் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன்.

உள்ளங்கை அகலத்துக்குச் சதுரம் சதுரமாகத் தைத்த அறைகளில் கடுகைவிடச் சிறிய கண்ணாடி மணிகளை நிரப்பியிருக்கிறார்கள்; அதனால் எடை ஒரு மூலைக்குச் சரியாமல் உடல் முழுவதும் சீராக அமர்கிறது. குழந்தையின் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு என்பதே பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. விற்பனைப் பக்கத்திலோ வயதை மட்டும் பார்த்து 4 கிலோ போர்வையைப் பரிந்துரைத்திருந்தார்கள். அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் எங்கள் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் தடுத்ததால் 2.3 கிலோ எடுத்தோம்.

‘ஆழ்ந்த உறக்கம்’ என்று உறையில் அச்சிட்டிருந்தது. அது நடக்கவில்லை. 2014இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வெளியான பிரிட்டன் ஆய்வில், ஆட்டிசம் உள்ள 67 குழந்தைகளை எடைப் போர்வையோடும் சாதாரணப் போர்வையோடும் மாறி மாறி உறங்கவைத்துப் பார்த்தபோதும் தூங்கும் நேரம் கூடவில்லை. ஆனால் குழந்தைகளும் பெற்றோரும் எடைப் போர்வையையே அதிகம் விரும்பினார்கள். எங்கள் அனுபவமும் ஏறக்குறைய அதுவே.

பயன் கிடைத்தது மாலையில்தான், அதுவும் நாங்கள் ஒரு தவற்றைத் திருத்திக்கொண்ட பிறகு. முதல் வாரம் அவன் அலறிக்கொண்டிருக்கும்போது போர்வையை மேலே போட்டோம்; உதைத்துத் தள்ளினான். உச்சத்துக்குப் போன பிறகு எதைப் போர்த்தினாலும் அது இன்னொரு தொந்தரவுதான் என்றும், நுனிக்காலில் நடப்பது, முணுமுணுப்பின் சுருதி ஏறுவது போன்ற முன்னறிகுறிகள் தெரியும்போதே எடுத்துக் காட்டி, போர்த்திக்கொள்வதை அவன் விருப்பத்துக்கு விட வேண்டும் என்றும் தெரபிஸ்ட் விளக்கினார். இப்போது அவனே கட்டிலுக்கு அடியிலிருந்து அதை இழுத்து, பாயில் குப்புறப் படுத்துத் தோள்வரை மூடிக்கொள்கிறான். பத்துப் பதினைந்து நிமிடத்தில் “தண்ணி” என்று கேட்கிறான். அதற்குப் பிறகே முகப்படங்கள் உள்ள அட்டையை நீட்டி, கோபமா பயமா என்று கேட்க முடிகிறது. “தூளியில இறுக்கிக் கிடந்தப்பவும் இப்படித்தான் அடங்குவான்” என்கிறார் என் மாமியார்.

குறைகளும் உண்டு. மேலுறை பாலியஸ்டர், சென்னையின் மே மாதத்துக்குச் சற்றும் ஆகாது. பழைய பருத்தி வேட்டியில் வேறோர் உறை தைத்துக்கொண்டோம். துவைத்தால் மாடிச் சுவரில் உலர இரண்டு நாளாகிறது. மூன்றாம் மாதம் ஒரு மூலையில் தையல் விட்டு மணிகள் தரையில் சிதறின. எதையும் வாயில் வைத்துப் பார்க்கும் பிள்ளை உள்ள வீட்டில் இது சிறிய விஷயம் அல்ல. விற்றவர்களோ, துவைத்ததால் வந்த சேதத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று முடித்துக்கொண்டார்கள். தெருமுனைத் தையற்காரர்தான் ஓரம் முழுக்க இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார்.

வாங்க நினைப்பவர்கள் ஒன்றில் கண்டிப்பாக இருக்க வேண்டும்: குழந்தை தானே விலக்க முடியாத போர்வை கூடாது, முகத்தை மூடுவதும் உடலோடு சுருட்டுவதும் கூடவே கூடாது. கனடாவின் கியூபெக்கில் 2008இல் இத்தகைய போர்வையில் சுற்றப்பட்ட ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் இறந்திருக்கிறான். வலிப்போ மூச்சுத் தொல்லையோ இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். கைக்குழந்தைகளுக்கு இது வேண்டாம்.

மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்துகொள்ளும், இறுக அணைக்கச் சொல்லும் பிள்ளைகளுக்கு இது பிடிக்க வாய்ப்புண்டு. தொட்டாலே விலகும் பிள்ளைக்கு வாங்குவது வீண்செலவாகலாம். எது என்று தெரியாவிட்டால், ஒரு கிலோ பச்சைப்பயறைத் துணிப்பையில் தைத்து மடியில் வைத்துப் பாருங்கள். நாங்கள் சோதனைக்காகத் தைத்த அந்தப் பை, வீட்டுப்பாடம் எழுதும்போது இன்றும் அவன் மடியில்தான் இருக்கிறது.