மீண்டும் மீண்டும் பயன்படுத்த வேண்டிய பொறிகள்: நெடுநாள் கார் அனுபவமும் தரையிறங்கும் ராக்கெட்டுகளும்

பல ஆண்டுகளாக ஒரே பெட்ரோல் காரை ஓட்டி வருகிறேன். வாங்கிய சூட்டோடு எழுதப்படும் அனுபவப் பகிர்வுகள் பெரும்பாலும் இருக்கை, தொடுதிரை, ஒலிபெருக்கி ஆகியவற்றோடு முடிந்துவிடுகின்றன. ரப்பர் பாகங்கள் இறுகி, பேட்டரி முனைகளில் உப்புப் பூத்து, உதிரிபாகத்துக்குக் காத்திருக்கும் காலத்தைப் பற்றி அவற்றில் ஒன்றும் இருப்பதில்லை. இதே ஆண்டுகளில் திரும்பி வந்து தரையிறங்கும் ராக்கெட்டுகளையும் ஆர்வத்தோடு கவனித்து வந்ததால், ஒன்றைப் பற்றி யோசிக்கும்போது மற்றதும் நினைவுக்கு வருகிறது. ஆகவே இந்தப் பகிர்வில் இரண்டும் கலந்தே வரும்.

முதலில் நல்லவற்றைச் சொல்லிவிடுகிறேன். இன்ஜினும் கியர்பாக்ஸும் இதுவரை குறை வைக்கவில்லை; மைலேஜ் சற்றே இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். என்னை அலைக்கழித்தவை எல்லாம் சிறிய பாகங்களே.

அவற்றில் முதலிடம் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) எச்சரிக்கை விளக்குக்கு. அது திடீரென எரியும். காரை நிறுத்திவிட்டு மீண்டும் கிளப்பினால் அணைந்திருக்கும். சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்து, முன்சக்கர வேக உணரியில் கோளாறு என்று சொல்லிப் புதியதை மாற்றினார்கள். விளக்கு மறுபடியும் எரிந்தது. பதிவான பிழையை அழித்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகும் எரிந்தது. கடைசியில் வேறொரு மெக்கானிக் காரை உயர்த்தி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுமையாகத் திருப்பிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. முன்பு எப்போதோ சஸ்பென்ஷன் வேலை செய்தவர்கள், உணரிக்குச் செல்லும் ஒயரை அதற்குரிய பிடிப்பில் திரும்ப மாட்டாமல் விட்டிருந்தார்கள். சக்கரம் திரும்பும்போதெல்லாம் அந்த ஒயர் இழுபட்டு, உள்ளே இருந்த கம்பி பாதி அறுந்திருந்தது. ஸ்கேனர் பிழை எந்தச் சுற்றில் இருக்கிறது என்று காட்டுமே தவிர, எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டாது. அந்த இடைவெளிக்கான கூலியைத்தான் காரின் உரிமையாளர் திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

இதைக் கேட்டதும் எனக்கு டிசி-எக்ஸ் என்ற சோதனை ராக்கெட் நினைவுக்கு வந்தது. செங்குத்தாக எழும்பி, செங்குத்தாகவே இறங்கக்கூடியது என்பதை 1993-இலேயே அது மெய்ப்பித்துக் காட்டியது. 1996 ஜூலையில் தரையிறங்கியபோது அதன் நான்கு கால்களில் ஒன்று விரியவில்லை. ராக்கெட் சாய்ந்து விழுந்து தீப்பற்றியது. அந்தக் காலுக்கான வாயுக்குழாயை இணைக்காமல் விட்டதே காரணம். பறத்தல், திசைமாற்றம், இறக்கம் என்று கடினமானவை அனைத்தும் சரியாக நடந்தபின், பராமரிப்பில் விட்டுப்போன ஓர் இணைப்பு அதை முடித்துவிட்டது.

இறக்கம் எளிதானதன்று என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட்டின் முதற்கட்டம் (பூஸ்டர்) எரிபொருள் தீர்ந்து திரும்பும்போது மிகவும் இலேசாகிவிடுகிறது. ஒரே ஒரு மெர்லின் இன்ஜினைத் தாழ்ந்த விசையில் இயக்கினாலும் அதன் உந்துதல் பூஸ்டரின் எடையை மிஞ்சிவிடும். ஆகவே அந்தரத்தில் நின்று நிதானித்து இறங்க வழியில்லை. தரையைத் தொடும் அதே கணத்தில் வேகம் சுழியமாக வேண்டும். முன்னதாகவே சுழியமானால் மறுபடி மேலே எழும்பத் தொடங்கும், தாமதமானால் மோதும். ஆனாலும், தொடக்கத் தோல்விகளின் காரணங்களைப் பாருங்கள்: 2015 ஜனவரியில் திசைதிருப்பும் துடுப்புகளுக்கான ஹைட்ராலிக் திரவம் தீர்ந்துபோனது, ஏப்ரலில் இன்ஜின் விசையைக் கட்டுப்படுத்தும் வால்வு மெதுவாக இயங்கியது, 2016 ஜனவரியில் கப்பல் தளத்தில் சரியாக வந்திறங்கிய பிறகு ஒரு காலின் பூட்டு விழாததால் பூஸ்டர் சாய்ந்தது. திரவம், வால்வு, பூட்டு என இவை மூன்றும் எந்தக் கார் மெக்கானிக்கும் அறிந்தவையே. வேறுபாடு என்னவென்றால், பறக்கும்போதே தரவுகள் தரைக்கு வந்துகொண்டிருந்ததால் ராக்கெட் பொறியாளர்களால் காரணத்தைக் கண்டறிய முடிந்தது. என் காரோ விளக்கை எரித்துவிட்டு மௌனமாகிவிடுகிறது.

பிரேக்கையும் டயரையும் பற்றி நான் முணுமுணுக்கும் நாட்களில் அமெரிக்காவின் விண்ணோடத்தை (ஸ்பேஸ் ஷட்டில்) நினைத்துக்கொள்வேன். இறங்கும்போது அது வெறும் கிளைடர். ஓடுதளத்தைத் தவறவிட்டால் மறுமுயற்சிக்கு இடமில்லை. 1985 ஏப்ரலில் டிஸ்கவரி என்ற ஓடம் தரையிறங்கியபோது பிரேக் சேதமடைந்து டயர் வெடித்தது. வேகத்தைத் தணிக்க உதவும் பாராசூட் 1992-இல்தான் வந்தது. அதைவிடப் பெரிய தலைவலி, ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் 20,000-க்கு மேற்பட்ட வெப்பத்தடுப்பு ஓடுகளைச் சோதிக்க வேண்டியிருந்தது. ஒரே ஓடத்தின் இரு ஏவுதல்களுக்கிடையே மிகக் குறுகிய இடைவெளி 54 நாட்கள். 1985-இல் அட்லாண்டிஸ் அதைச் செய்தது. ஃபால்கன் பூஸ்டர்களில் சில முப்பது முறைக்கு மேல் பறந்துவிட்டன என்பதை இதனோடு ஒப்பிட்டால், பாகங்களை எளிதில் சோதிக்கவும் மாற்றவும் முடிகிற வடிவமைப்பின் மதிப்பு விளங்கும். அவையும் எப்போதும் தப்பிவிடுவதில்லை: 22 முறை பத்திரமாக இறங்கிய ஒரு பூஸ்டர், 2024 ஆகஸ்டில் 23-ஆவது இறக்கத்தின்போது கவிழ்ந்தது.

என் காரின் வடிவமைப்புக்கு இந்த அளவுகோலில் நல்ல மதிப்பெண் தர இயலாது. கதவுப் பூட்டினுள் ஒரு சிறிய ஸ்விட்ச் பழுதானால் முழுப் பூட்டையும் வாங்க வேண்டும். முகப்பு விளக்கின் பல்பை மாற்ற பம்பரைக் கழற்ற வேண்டும். கழற்றும்போது பிளாஸ்டிக் கிளிப்புகளில் குறைந்தது இரண்டு உடையும். வாங்க எண்ணுபவர்கள் ஓட்டிப் பார்ப்பதோடு நில்லாமல் பானெட்டைத் திறந்து, அடிக்கடி மாற்ற வேண்டியவற்றுக்குக் கை எட்டுகிறதா என்றும் பார்ப்பது நல்லது. வேலை முடிந்து கார் திரும்பும்போது, எவையெவை கழற்றப்பட்டன என்று கேட்டு எழுதி வாங்குகிறேன். அதைக் கேட்டால் சில இடங்களில் முகம் சுளிக்கிறார்கள். அந்த இடங்களுக்கு மறுமுறை செல்வதில்லை.

காரை விற்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. முன்பக்கச் சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்கள் தேய்ந்து, வேகத்தடைகளில் ஓசை வருகிறது. அவற்றை மாற்றும்போது அந்த உணரி ஒயரை மறுபடியும் கழற்றத்தான் வேண்டும், ஆகவே வேலை முடியும்வரை பக்கத்திலேயே நிற்கப் போகிறேன்.