ஆறு வருட ஹார்டு டிஸ்க்கும் ஆடுகிற சாக்கெட்டும்

"அண்ணி, உங்ககிட்ட இருக்கிற அதே ஹார்டு டிஸ்க் இப்ப விலை குறைஞ்சிருக்கு. வாங்கிடட்டுமா?"

கரூரிலிருந்து நாத்தனார் இப்படிக் கேட்ட நேரத்தில் அந்த டிஸ்க் என் வீட்டில் இல்லை. திருச்சி சிங்காரத்தோப்பில் செல்போன் பழுது பார்க்கும் ஒரு தம்பியின் மேசையில், பிளாஸ்டிக் கூடு கழற்றிய நிலையில் கிடந்தது. மூன்று நாள் கழித்து 650 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன். வாங்கு, வாங்காதே என்று போனில் ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன். அவளைப் போல யோசித்துக்கொண்டிருக்கிறவர்களும் படிக்கலாம்.

2019 டிசம்பரில் வாங்கியது. 2 டெராபைட், உள்ளங்கை அளவு, தனியாகக் கரண்ட் கேட்காத வகை. கம்பெனிப் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் குறைபட்டுக்கொள்ளும், கேபிள் செருகும் சாக்கெட் பல கம்பெனி டிஸ்குகளில் அப்படியே இருக்கிறது. ஒரு பெயரை ஒதுக்கி இன்னொன்றை வாங்கினால் தப்பித்துவிடலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

ஆய்வேடு, கோயில் மலர், கல்யாணப் பத்திரிகை வாசகம் என்று வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை பார்க்கிறேன். ஒரே கம்ப்யூட்டர். விண்டோஸ் இருப்பது 256 ஜிபி எஸ்எஸ்டி என்ற வேகமான சிப் வகை டிஸ்கில், சி டிரைவாக; வேலைக் கோப்புகள் உள்ளே இருக்கும் இன்னொரு டிஸ்கில், டி டிரைவாக. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டி டிரைவில் புதிதாக வந்ததையும் மாறியதையும் வெளி டிஸ்குக்கு நகல் எடுப்பேன். மாதம் ஒரு முறை விண்டோஸ் இருக்கும் எஸ்எஸ்டியை முழுசாக இமேஜ் எடுப்பேன், அதாவது விண்டோஸ், மென்பொருள் எல்லாம் சேர்த்து அப்படியே ஒரு பிரதி. இரண்டும் வேறு வேறு வேலை. அதை எனக்குப் புரிய வைத்தது 2021.

அந்த வருடம் விண்டோஸ் கெட்டுப்போய், கடையில் கொடுத்து சி டிரைவை ஃபார்மட் அடித்து வாங்கி வந்தேன். டி டிரைவில் ஒரு கோப்புகூடப் போகவில்லை. நிம்மதியாக ஒரு பழைய ஆய்வேட்டைத் திறந்தால், பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக நிற்கிறது. பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு அது. யூனிகோடு வருவதற்கு முந்தைய அந்த வகை எழுத்துருக்களில் கோப்புக்குள் தமிழ் என்று எதுவும் கிடையாது. ஆங்கில விசைகளின் எண்கள்தான் இருக்கும். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் மாட்டிக் காட்டும். எழுத்துரு இருப்பது சி டிரைவில், விண்டோஸ் ஃபோல்டருக்குள். அதைத்தான் கடையில் சுத்தமாகத் துடைத்துவிட்டார்கள். பாமினி மறுபடி கிடைத்துவிட்டது. ஒரு வாடிக்கையாளர் கொடுத்திருந்த இன்னொரு எழுத்துருவைத் தேடிப் பிடிக்க ஒன்பது நாள் ஆனது. வேர்டின் ஆட்டோகரெக்ட் பட்டியலில் நான் வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த சுருக்கங்களும் போயின. 'பக' என்று அடித்தால் 'பல்கலைக்கழகம்' என்று விரியும், 'முனை' என்றால் 'முனைவர் பட்ட ஆய்வேடு' என்று விரியும். அதுவும் நம் கோப்புகளோடு இருப்பதில்லை, சி டிரைவில் எங்கேயோ ஆழத்தில் இருக்கிறது.

கோப்பு பத்திரமாக இருந்தால் போதும் என்று அதுவரை நினைத்திருந்தேன். வேலை செய்கிற நிலையில் இருந்த கம்ப்யூட்டரே திரும்பக் கிடைக்க வேண்டும் என்றால் இமேஜ் வேண்டும். அப்போதுதான் ரெஸ்க்யூஸில்லா என்ற இலவச மென்பொருள் என் கைக்கு வந்தது. பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் தொடங்கலாம். விண்டோஸ் செத்துக் கிடந்தாலும் இது எழுந்துவிடும். க்ளோன்ஸில்லா என்ற இன்னொரு இலவச மென்பொருள் செய்கிற அதே வேலையை மௌஸால் அழுத்திச் செய்ய வைத்திருக்கிறார்கள். டிஸ்கில் நிரம்பிய இடத்தை மட்டும் எடுத்துச் சுருக்கி வைக்கும். என் எஸ்எஸ்டியில் 150 ஜிபி நிரம்பியிருந்தால் இமேஜ் 90 ஜிபி சுமார் வரும். இதைச் செய்து இலவசமாகக் கொடுத்தவர்களுக்கு நான் மனசாரக் கடன்பட்டிருக்கிறேன்.

இனி சாக்கெட்.

டிஸ்கின் ஓரத்தில் அகலமாக, தட்டையாக, நடுவில் ஒரு இடுப்பு விழுந்த மாதிரி ஒரு துளை இருக்கும். மைக்ரோ பி யூஎஸ்பி 3 என்று பெயர். அது உண்மையில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிய இரண்டு சாக்கெட். ஒரு பாதியில் ஐந்து கம்பி, பழைய யூஎஸ்பி 2-க்கு. மறுபாதியில் ஐந்து கம்பி, வேகத்துக்கு. மூன்றாவது வருடத்திலிருந்து என் டிஸ்கில் அந்த வேகப் பாதி மட்டும் தொடர்பு விட ஆரம்பித்தது. அப்போது டிஸ்க் காணாமல் போகாது. மெதுவாகிவிடும், அவ்வளவுதான். நொடிக்கு 110 எம்பி போய்க்கொண்டிருந்தது 35-க்கு இறங்கும். டிஸ்குக்கு வயதாகிவிட்டது என்று நான் இதைப் பார்த்து ஒரு வருடம் கவலைப்பட்டிருக்கிறேன். டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் திறந்து பார்ப்பேன். கெட்டுப்போனதால் மாற்றி அமைத்த செக்டர், அதாவது டிஸ்கின் சின்னத் துண்டு, பூஜ்யம், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர் பூஜ்யம், சரிசெய்ய முடியாதது பூஜ்யம். உள்ளே இருக்கும் தட்டு தங்கம். திருச்சி மே மாத வெயிலில் டிஸ்கின் சூடு 50 டிகிரி தொட்டபோதும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

கேபிளை மாற்றினேன். எட்டு மாதம் நன்றாக ஓடியது. அதற்குப் பிறகு முழுசாகவே விட்டு விட்டு வர ஆரம்பித்தது. மேசையில் கை பட்டால் போதும், 'டுடும்' என்ற சத்தத்தோடு டிஸ்க் போய்விடும். இரண்டு நொடியில் மறுபடி வரும். ஞாயிற்றுக்கிழமை நகலை விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி கட்டளையால் எடுக்கிறேன். ஒரு ஞாயிறு ஓடவிட்டுப் படுத்து, காலையில் எழுந்து பார்த்தால் '30 நொடி காத்திருக்கிறேன்' என்ற வரியே திரை முழுக்க. நாமாக எதுவும் சொல்லாவிட்டால் அது ஒரு கோப்புக்குப் பத்து லட்சம் தடவை, தடவைக்கு 30 நொடி காத்திருந்து முயற்சி செய்யும். கணக்குப் போட்டால் 347 நாள், ஒரே கோப்புக்கு. இப்போது இரண்டு தடவை, ஐந்து நொடி என்று சொல்லி வைத்திருக்கிறேன். ரோபோகாப்பி பயன்படுத்துகிறவர்கள் இதை முதல் வேலையாகச் செய்துவிடுங்கள். அப்படியே, அதில் இருக்கும் மிரர் வசதியைத் தொடாதீர்கள். இங்கே தவறி ஒரு ஃபோல்டர் அழிந்திருந்தால் அங்கே இருப்பதையும் தேடிப் போய் அழிக்கும்.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை காலை கம்ப்யூட்டர் எழவில்லை. தொடங்குவதற்கு டிஸ்க் எதுவும் இல்லை என்று திரையில் ஒரு வரி. விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் அமைப்புத் திரைக்குள் போய்ப் பார்த்தேன், எஸ்எஸ்டியின் பெயரே இல்லை. வேறு கேபிள், வேறு துளை, எதற்கும் அசையவில்லை. திங்கட்கிழமை ஒரு மாணவிக்கு ஆய்வேடு கொடுத்தாக வேண்டும். மூன்று வருட உழைப்பு அந்தப் பெண்ணுடையது. கடைக்கு ஓடி 240 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி வந்தேன். நிரம்பியது 150 தானே, போதும் என்று நினைத்தது தப்பு. இமேஜைத் திருப்பிப் போட, புது டிஸ்க் பழையதன் அளவாவது இருக்க வேண்டும். 256-இல் எடுத்ததை 240 ஏற்காது. உள்ளே எவ்வளவு காலியாக இருந்தாலும் ஏற்காது. கடைக்காரர் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார். 500 ஜிபியோடு வீடு திரும்பும்போது இரவு ஒன்பது.

பென் டிரைவில் கம்ப்யூட்டரைத் தொடங்கி, வெளி டிஸ்கை மாட்டி, இமேஜைத் திருப்பிப் போடும் ரீஸ்டோர் கொடுத்தேன். 62 சதவீதத்தில் டிஸ்க் போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து. 18 சதவீதத்தில் போனது. நல்லவேளை, ரீஸ்டோரில் வெளி டிஸ்கிலிருந்து படிப்பது மட்டும்தான் நடக்கிறது, இமேஜுக்கு ஆபத்து இல்லை. இதே சாக்கெட் இமேஜ் எழுதும்போது விட்டிருந்தால் பாதி இமேஜோடு நின்றிருப்பேன். மூன்றாவது தடவை கேபிளைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதும் விட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் அந்த இரண்டு பாதி விஷயம் ஞாபகத்துக்கு வந்தது. வேகப் பாதிதானே கெட்டிருக்கிறது? பழைய பாதியின் அளவும் உருவமும் நம் பழைய செல்போன் சார்ஜர் முனையின் அளவும் ஒன்றேதான். அலமாரியில் கிடந்த ஒரு பழைய போன் கேபிளை எடுத்து அந்தப் பாதியில் மட்டும் செருகினேன். 'கிளிக்' என்று கெட்டியாக உட்கார்ந்தது. டிஸ்க் வந்தது. நொடிக்கு 35 எம்பிதான், ஆனால் ஒரு தடவைகூட விடவில்லை. இந்த மாதிரி டிஸ்க் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் சார்ஜ் ஏற்ற மட்டும் இல்லாமல் டேட்டாவும் போகக்கூடிய ஒரு பழைய மைக்ரோ யூஎஸ்பி கேபிளைத் தூக்கிப் போடாமல் பத்திரப்படுத்த வேண்டும். முக்கால் மணி நேரத்தில் முடிந்தது.

ஒரு மணிக்கு விண்டோஸ் எழுந்தது. மேசைப் படம் அதே கொள்ளிடம் பாலம். அந்த மாணவியின் கோப்பைத் திறந்தேன். மேற்கோள் பகுதிகள் பாமினியில் இருந்தன, அத்தனையும் தமிழாகவே நின்றன. 'பக' என்று அடித்துப் பார்த்தேன். 'பல்கலைக்கழகம்' என்று விரிந்தது. இந்த ஆறு வருடத்தில் இந்த டிஸ்க் எனக்குக் கொடுத்த மிகப் பெரிய சந்தோஷம் அந்த ஒரு சொல். தூங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரரை எழுப்பிக் காட்டினேன். 500-இல் மிச்சமிருந்த இடத்தை மறுநாள் பிரித்துச் சேர்த்துக்கொண்டேன்.

ஜனவரியில் அந்தப் பழைய பாதியும் விட்டது. சாக்கெட்டே உள்ளே புதைந்துவிட்டது. கூட்டைக் கழற்றி உள்ளிருக்கும் டிஸ்கை எடுத்து, கம்ப்யூட்டருக்குள் டிஸ்கை இணைக்கும் சாதாரண சாட்டா கேபிளில் மாட்டிக்கொள்ளலாம் என்றுதான் நான் நம்பியிருந்தேன். சில டிஸ்குகளில் அப்படித்தான். நடுவில் ஒரு சின்ன இணைப்புப் பலகை இருக்கும், அதை உருவிவிட்டால் உள்ளே இருப்பது வழக்கமான டிஸ்க். இதில் அது இல்லை. சாக்கெட்டை டிஸ்கின் சொந்தப் பலகையிலேயே சால்டர் செய்திருக்கிறார்கள். "அக்கா, இதுல சாட்டாவே கிடையாது. இந்தத் துளை போனா டிஸ்க்கே போன மாதிரிதான்" என்றார் அந்தத் தம்பி. இதே மாடலில் இன்னொன்று வாங்கி அதன் பலகையை மாற்றலாமா என்று கேட்டேன். அதுவும் அவ்வளவு லேசில்லையாம். ஒவ்வொரு டிஸ்கின் பலகையிலும் அந்த டிஸ்குக்கே உரிய அளவுகள் பதிந்த சிப் இருக்கிறது, அதையும் பெயர்த்து வைக்க வேண்டும். டேட்டா மீட்டுத் தரும் ஓர் இடத்தில் விசாரித்தபோது பதினைந்தாயிரத்திலிருந்து ஆரம்பித்தார்கள். தம்பி மைக்ராஸ்கோப் வைத்துப் புதுச் சாக்கெட் பொருத்திக் கொடுத்தார். அவர் கைக்கு 650 குறைவு.

எனக்கு ஆத்திரம் இங்கேதான். செருகிக் கழற்றுவதற்கென்றே செய்த பொருள் இது. இந்த வகை முனை பத்தாயிரம் தடவை செருகிக் கழற்றத் தாங்க வேண்டும் என்பது தரம். நான் வாரத்துக்கு ஒரு தடவை, மாத இமேஜையும் சேர்த்தால் ஆறு வருடத்தில் நானூறைத் தாண்டியிருக்க மாட்டேன். நியாயமாகச் சொன்னால் என் பக்கமும் ஒரு பிசகு உண்டு. கூட வந்த கேபிள் ஒரு சாண் நீளம்கூட இல்லாததால் சிபியு பெட்டியின் மேலேயே டிஸ்கை வைத்து, கேபிளை வளைத்து மாட்டி வந்திருக்கிறேன். அந்த வளைவின் பாரம் முழுக்க சாக்கெட்டின் மேல் விழுந்திருக்கும். ஆனால் அவ்வளவு குட்டையான கேபிளைக் கொடுத்தது யார்? வீட்டில் வைத்துப் பயன்படுத்துகிறவர்கள் வேறு எங்கே வைப்பார்கள்?

இரண்டு வார்த்தை மற்றதைப் பற்றி. சத்தம் இல்லை. சின்னச் சின்னக் கோப்பாக நிறைய எழுதினால் திணறும், ஃபோட்டோ ஃபோல்டர்களில் தெரியும். கரண்ட் போய் இன்வெர்ட்டர் மாறும் கணத்தில் இரண்டு தடவை நகல் பாதியில் நின்றிருக்கிறது. அது டிஸ்கின் குற்றம் இல்லை, கம்ப்யூட்டருக்கு நல்ல யூபிஎஸ் வைத்த பிறகு நின்றுவிட்டது.

ஆறு வருடத்தில் ஒரு கோப்பைக்கூட இது தொலைக்கவில்லை. செத்துப்போன கம்ப்யூட்டரை ஒரே இரவில் அப்படியே திருப்பிக் கொடுத்தது. இவ்வளவும் சொல்லிவிட்டு, நாத்தனாருக்கு என் பதில்: வேண்டாம்மா, வாங்காதே. விலை பாதியானாலும் வாங்காதே. ஒரு 2.5 அங்குல சாட்டா டிஸ்கைத் தனியாக வாங்கு, டைப் சி துளை உள்ள கூட்டைத் தனியாக வாங்கு. துளை போனால் கூட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொரு கூடு வாங்கிக்கொள்ளலாம். நானும் அப்படி ஒன்று வாங்கிவிட்டேன். முதல் இமேஜ் இன்று மத்தியானம் எடுத்தேன். பழையதன் புதுச் சாக்கெட்டில் ஞாயிற்றுக்கிழமை நகல் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு மீட்டர் கேபிள் போட்டு, டிஸ்கை ஸ்டூலின் மேல் சமமாகப் படுக்க வைத்து. நொடிக்கு 108 எம்பி.