‘அரிசி’ நின்றது, குட்டிகள் சாவது நிற்கவில்லை

தோவாளை, பூதப்பாண்டி, அருமநல்லூர் பக்கம் கறிக்காகச் செம்மறி வளர்க்கிறவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். பைக்கில் பை மாட்டிக்கொண்டு வந்து ‘நாடாப்புழு மருந்து’ ஊற்றுகிற ஒரு ஆளிடம் நான் ஏமாந்துவிட்டேன். ஏழு குட்டி செத்தது. ஆறு குட்டியை அடிமாட்டு விலைக்குக் கொடுத்தேன். அவர் பெயரையும் நம்பரையும் இங்கே போடவில்லை. எப்படி ஏமாற்றினார் என்று சொன்னாலே உங்கள் வாசலுக்கு வரும்போது பிடிபட்டுவிடும்.

ஐப்பசி தொடக்கத்தில் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து நாலு மாதக் கிடாக்குட்டிகள் 24 வாங்கினேன். குட்டி 5,200 ரூபாய். பக்ரீத்துக்குள் நல்ல எடை ஏறிவிடும் என்று கணக்கு. கரிசல் காட்டில் காய்ந்த புல்லைக் கடித்து வளர்ந்த குட்டிகள் அவை. நம்ம ஊரில் ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. குளத்தங்கரைப் புல்லில் ஈரம் வற்றுவதே இல்லை. குட்டிகளை இறக்கிய மறுநாளே அந்தப் புல்லில் விட்டேன்.

ஒரு மாதம் கழித்துப் பட்டியைக் கூட்டும்போது புழுக்கையில் வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. குனிந்து பார்த்தால் சோற்றுப் பருக்கை போல இருக்கிறது. ஒரு குட்டிக்குப் பின்னால் நாடா போலவே ஒரு துண்டு தொங்கியது. பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. டீக்கடையில் விசாரித்தபோது இந்த ஆளைச் சொன்னார்கள்.

வந்தார். புழுக்கையை ஒரு குச்சியால் கிளறிக் காட்டினார். “அண்ணாச்சி, இது நாடாப்புழு. கொடலுக்குள்ள இருவது அடி நீளத்துல கெடக்கும். நீங்க போடுத தீனி பூராவும் அதுக்குத்தான் போவுது. இப்படியே விட்டா ஒண்ணும் மிஞ்சாது.” நீளத்தில் பொய் இல்லை. மோனீசியா என்கிற இந்த ஆட்டு நாடாப்புழு ஆறு மீட்டர் வரைக்கும் வளரும் என்று பின்னால் டாக்டரே சொன்னார். அதனால்தான் மற்றதையும் நம்பினேன்.

பையிலிருந்து ஒரு லிட்டர் பாட்டில் எடுத்தார். லேபிளைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். “கம்பெனி மருந்து, கடையில கெடைக்காது” என்றார். எட்டு கிலோ குட்டிக்கும் பதினாலு கிலோ குட்டிக்கும் ஒரே அளவு, பத்து மில்லி. ஒரு குட்டியைக்கூடத் தூக்கி எடை பார்க்கவில்லை, ஒன்றின் கண்ணைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. தலைக்கு 120 வீதம் 2,880 ரூபாய். மிச்ச மருந்து கிடந்த பாட்டிலைத் தொழுவத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் புழுக்கையில் ஒரு ‘அரிசி’ இல்லை. சுத்தம். எனக்கு அவ்வளவு சந்தோஷம். பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் நானே சொல்லி, அவரும் இந்த ஆளை வரவழைத்தார். அதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

அப்புறம்தான் குட்டிகள் மெலிய ஆரம்பித்தன. இரண்டு செத்தன. போன் போட்டேன். “அரிசி நின்னுட்டுல்லா? அப்ப மருந்து பிடிச்சிருக்கு. உடம்பு தேற நாளாவும்” என்று சொல்லி வந்து, மிச்சம் 22 குட்டிக்கும் மறுபடி ஊற்றினார். இன்னும் 2,640. அடுத்து இரண்டு போனது. இப்போது “இது துள்ளுமாரி” என்று வேறொரு நோயைச் சொன்னார். இருபது குட்டிக்கும் ஊசி, 80 ரூபாய் வீதம். அதற்குப் பிறகும் சாவு நிற்கவில்லை. கடைசியாக ஒரு வியாபாரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். “நாடாப்புழு விழுந்த ஆட்ட கறிக்கு எவன் வாங்குவான்? இவரு ஏதோ எனக்காவ எடுக்காரு.” ஆறு குட்டியை 3,000 ரூபாய் வீதம் ஏற்றிவிட்டேன்.

என் அம்மாதான் கண்டுபிடித்தாள். செத்துக்கொண்டிருந்த ஒரு குட்டியின் கீழ் இமையை விரலால் இழுத்துவிட்டு, “மக்கா, இங்க வந்து பாரு, வெளுத்த துணி மாதிரி இருக்கு. ரத்தமே இல்லயே” என்றாள். போய்ப் பார்த்தால் செம்பருத்தி நிறத்தில் இருக்க வேண்டிய இடம் சுண்ணாம்பாக இருக்கிறது. தாடைக்கு அடியில் எலுமிச்சங்காய் அளவுக்கு நீர் கோர்த்திருந்தது. அந்த வீக்கம் சாயங்காலம் மேய்ந்து வரும்போது தொங்கும், காலையில் வற்றிவிடும். நான் பூச்சிக்கடி என்று விட்டிருந்தேன்.

அந்தக் குட்டி விடியும்போது செத்தது. உரச்சாக்கில் போட்டு, அந்தப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு, ஆட்டோவில் அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். டாக்டர் முதலில் குடலைக் கீறிக் காட்டினார். நாடாப்புழு ஒன்றுகூட இல்லை. பிறகு நான்காவது வயிற்றைத் திறந்தார். உள்தோல் முழுக்க ஊசி நீளத்துக்கு மெல்லிய புழுக்கள் நெளிகின்றன. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். சிவப்பு நூலையும் வெள்ளை நூலையும் சேர்த்து முறுக்கினது போல இருந்தது. “வெள்ளை அதோட கர்ப்பப்பை. சிவப்பு உங்க குட்டியோட ரத்தம்” என்றார். ஹீமாங்கஸ் என்று பெயராம். ஒரு புழு ஒரு நாளைக்கு 0.05 மில்லி ரத்தம் எடுக்கும். ஐயாயிரம் புழு இருந்தால் கால் லிட்டர். பத்து கிலோ குட்டி எப்படித் தாங்கும்?

பாட்டிலின் ஓரத்தில் சுரண்டாமல் விட்ட எழுத்துகளைப் பார்த்து, “நிக்ளோசமைடு மாதிரி தெரியுது. நாடாப்புழுவுக்கு நல்ல மருந்துதான். ஆனா ரத்தம் குடிக்கிற இந்தப் புழுவ இது தொடாது” என்றார். எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. கண்ணுக்குத் தெரிந்த புழுவுக்கு மருந்து ஊற்றி, அது நின்றதைக் காட்டியே திரும்பத் திரும்பக் காசு வாங்கியிருக்கிறார். குட்டிகளைக் கொன்ற புழு புழுக்கையில் கண்ணுக்குத் தெரியாது. அதன் முட்டையை மைக்ராஸ்கோப்பில்தான் பார்க்க முடியும். துள்ளுமாரி என்றதும் பொருந்தவில்லை. அது கொழுத்த குட்டியைத் திடீரென்று அடிக்கும், இப்படி வாரக்கணக்கில் வெளுக்க வைக்காது.

கறி விஷயத்தில் சொன்னது முழுப் பொய். மோனீசியா ஆட்டின் குடலில் இருப்பது. அந்த ஆட்டுக்கறியைத் தின்பதால் மனிதனுக்கு வராது. பன்றியிலும் மாட்டிலும் இருந்து மனிதனுக்கு வரும் நாடாப்புழு வேறு. ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி வருமே, அது நாயின் நாடாப்புழுவால் வருவது. நாய் மலத்தில் இருக்கும் முட்டை ஆட்டுக்கும் போகும், நம் பிள்ளைகளுக்கும் போகும். அறுக்கிற இடத்தில் நீர்க்கட்டி உள்ள உறுப்பை நாய்க்கு வீசாதீர்கள். மூளையில் கட்டி வந்து ஆடு சுற்றிச் சுற்றி வருவதும் இதே வழியில்தான், அதனால் தலையையும் போடக் கூடாது.

நாடாப்புழுவால் கெடுதலே இல்லை என்று சொல்லவில்லை. ஆறு மாதத்துக்குள் உள்ள குட்டிக்கு நிறைய இருந்தால் வயிறு உப்பும், வளர்ச்சி தடைப்படும். ஆனால் கொத்தாகக் குட்டிகள் சாகும்போது அதை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு உட்காரக் கூடாது. ஈரப் புல்லில் வாழும் ஊசிமுனை அளவு மண் உண்ணிகள் வழியாகத்தான் அது வருகிறது. அதே மேய்ச்சலில் விட்டால் சுமார் ஆறு வாரத்தில் திரும்பவும் ‘அரிசி’ தெரியும். அப்போது அந்த ஆள் மறுபடி வருவார்.

மருந்து ஊற்றுமுன் நாலைந்து குட்டியின் புதுப் புழுக்கையைத் தனித்தனியாகக் கட்டி, அன்று காலையிலேயே மருந்தகத்தில் கொடுங்கள். எனக்கு அதற்குக் காசு வாங்கவில்லை. போக முடியாதவர்கள் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குக் கூப்பிடலாம். பாட்டிலில் மருந்தின் பெயர் இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள். ஐவர்மெக்டின் ஊசி நாடாப்புழுவைத் தொடாது, நிக்ளோசமைடு உருண்டைப்புழுவை (ரத்தம் குடிக்கிற ஹீமாங்கஸ் இந்த வகைதான்) தொடாது. அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் இரண்டையும் பார்க்கும். ஆனால் குறைந்த அளவில் அதையே திரும்பத் திரும்பக் கொடுத்தால் புழு பழகிவிடும். சினை பிடித்து ஒரு மாதத்துக்குள் உள்ள பெட்டைக்கு அல்பெண்டசோல் வேண்டாம். எது கொடுத்தாலும் எத்தனை நாள் கழித்துக் கறிக்கு விடலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டாக்டர் எடை பார்த்து உருண்டைப்புழுவுக்கான லெவாமிசோல் மருந்து கொடுத்தார், இரும்புச்சத்து டானிக்கும் எழுதினார். மேய்ச்சலைப் பனி காய்ந்த பிறகு, மேட்டு நிலத்துக்கு மாற்றிவிட்டேன். மிச்சம் 11 குட்டி இருக்கின்றன. இரண்டு வாரம் கழித்துப் புழுக்கையைத் திரும்பப் பார்த்ததில் முட்டை வெகுவாகக் குறைந்திருந்தது. இரண்டு குட்டிக்கு மட்டும் இமை இன்னும் வெளிறலாக இருக்கிறது.

குட்டி, மருந்து, ஊசி எல்லாம் சேர்த்து எனக்கு நஷ்டம் 56,720 ரூபாய். போன வாரம் அவரை ஆரல்வாய்மொழிப் பக்கம் பார்த்ததாக ஒருவர் சொன்னார். கறுப்புத் தோள்பை, ஒரு லிட்டர் வெள்ளை பாட்டில், முதல் வார்த்தை “அண்ணாச்சி, புழுக்கைய காட்டுங்க”.