லாரிக்காரர்கள் கவனத்துக்கு: நல்ல பம்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு 1,18,500 ரூபாயும் வாங்கிவிட்டார்கள்

வழியில் வண்டி இழுக்காமல் நின்று, இன்ஜினின் டீசல் பம்பைப் பழுது பார்க்கும் ரோட்டோரக் கடையில் "பம்ப் போச்சு" என்று சொன்னால் உடனே பணம் அனுப்பாதீர்கள். கழற்றிய பம்ப் உங்கள் வண்டிக்குள் ஏறியிருக்க வேண்டும், மாட்டப் போகும் பம்பின் எண்ணை டிரைவர் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். இரண்டும் நடக்காமல் ஒரு ரூபாய் கூடக் கொடுக்க வேண்டாம். எங்கள் வண்டிக்கு நடந்ததை விவரமாக எழுதுகிறேன். நாமக்கல், சங்ககிரி, சேலம் பக்கத்திலிருந்து தினமும் எத்தனையோ வண்டிகள் புனே போகும் இதே சாலையில் போகின்றன.

எங்களிடம் இருப்பது ஒரே வண்டி. 2018 மாடல், பிஎஸ்-4 (புகைக் கட்டுப்பாட்டு விதி), பன்னிரண்டு சக்கரம். காமன் ரயில் இன்ஜின், அதாவது பம்ப் டீசலை உயர் அழுத்தத்தில் 'ரயில்' என்ற பொதுக் குழாயில் ஏற்ற, அங்கிருந்து இன்ஜெக்டர்கள் அதை இன்ஜினுக்குள் பீய்ச்சும் வகை. தங்கை வீட்டுக்காரர்தான் ஓட்டுகிறார். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு புனே போகும் வழியில், சித்ரதுர்கா தாண்டி ஒரு மேட்டில் வண்டி திணற ஆரம்பித்திருக்கிறது. செக் லைட் எரிந்து, ரேஸ் ஏறாமல், ஓரம் கட்டி நிறுத்தியவர் எனக்கு போன் செய்தார். "மச்சான், மேடு வந்தா இழுக்கவே மாட்டேங்குதுங்க. ஆஃப் பண்ணினா திரும்ப ஸ்டார்ட் ஆக ரொம்ப நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கு."

பக்கத்துக் கடையிலிருந்து ஆள் வந்து ஸ்கேனர் போட்டார். ரயில் பிரஷர் குறைவு என்று வந்தது. பி0087 என்ற பிழைக் குறியீடு (கோடு) அது. இதுவரை பொய் எதுவும் இல்லை. அடுத்து நடந்ததுதான் வேலை. மாப்பிள்ளை டீ குடித்துவிட்டு வருவதற்குள் பம்பை இன்ஜினிலிருந்து கழற்றிக் கடைக்குள் கொண்டுபோய்விட்டார்கள். என்ன செலவாகும் என்று யாரிடமும் சொல்லவில்லை, கழற்றட்டுமா என்று கேட்கவும் இல்லை. விலை பேச்சே அதற்கு அப்புறம்தான் வந்தது.

கடைக்காரர் தமிழ் நன்றாகவே பேசினார். பம்ப் உள்ளே தேய்ந்து இரும்புத்தூள் கொட்டியிருக்கிறது என்று சொல்லி வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். ஒரு தட்டில் டீசல், அதன் அடியில் மின்னும் தூள். தட்டு மட்டும்தான் தெரிந்தது, எங்கள் பம்ப் அந்தப் படத்தில் இல்லை. புதுப் பம்ப்தான் போட வேண்டும், வேண்டாம் என்றால் கழற்றியதைத் திரும்ப மாட்ட 15,000 ஆகும், ஆனால் வண்டி ஓடும் என்று உத்தரவாதம் தர முடியாது என்றார். லோடு ரோட்டில் நிற்கிறது, பார்ட்டி போன் மேல் போன் போடுகிறார், பம்ப் அவர்கள் கடைக்குள். இந்த நிலையில் வண்டிக்காரனை நிறுத்திவைத்து விலை பேசுவதுதான் அவர்கள் முறை.

புதுப் பம்ப் 96,000. புது மீட்டரிங் யூனிட் (பம்புக்குள் போகும் டீசல் அளவைக் கட்டுப்படுத்துவது) 9,500. கழற்றி மாட்டிய கூலி 8,000. ஸ்கேனிங் 2,500. சில்லறைச் செலவு என்று இன்னொரு 2,500. மொத்தம் 1,18,500. ஜிஎஸ்டி பில் வேண்டுமானால் 18 சதவீதம் தனி என்று சொல்லி, கடைப் பெயர்கூட இல்லாத வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். பழைய பம்பைக் கேட்டதற்கு, அது கம்பெனிக்கு எக்ஸ்சேஞ்சில் போய்விடும், அந்தத் தள்ளுபடி போகத்தான் இந்த விலை என்று பதில். அந்தத் தள்ளுபடி எவ்வளவு என்று தாளில் எங்கும் இல்லை.

வண்டி கிளம்பியது. கடைக்காரர் சொன்னபடி மாப்பிள்ளை டேங்கை ஃபுல்லாக நிரப்பிக்கொண்டு போனார். ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர் வரை ஒரு குறையும் இல்லை. சாத்தாரா தாண்டிக் கம்பட்கி மலைப்பாதையில் ஏறும்போது அதே திணறல், அதே லைட். கடைக்கு போன் செய்தால் டீசல் சரியில்லை, வேறு பங்கில் போடுங்கள் என்றார்கள். மறுபடி டேங்கை நிரப்பினார், வண்டி மறுபடி சரியானது. அங்கேதான் மாப்பிள்ளைக்குப் பொறி தட்டியிருக்கிறது. "டேங்கு நிறைய இருந்தா ஓடுதுங்க மச்சான், குறைய ஆரம்பிச்சா படுத்துது" என்றார். இந்த ஒரு வரியை அந்தக் கடையில் யாராவது கேட்டிருந்தால் பம்பைத் தொடவே வேண்டியிருந்திருக்காது.

ஊருக்கு வந்ததும், எங்கள் வண்டியை ஆரம்பத்திலிருந்து பார்க்கும் பம்ப் மெக்கானிக்கிடம் விட்டோம். வயதான மனிதர், ஸ்கேனரை எடுப்பதற்கு முன் டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் (டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் சின்னப் பம்ப்) நடுவே ஒரு முழ நீளத்துக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபை மாட்டி இன்ஜினை ஓடவிட்டார். டீசல் தெளிவாக ஓட வேண்டிய இடத்தில் கடுகு கடுகாகக் குமிழ்கள் ஓடின. ஆக்சிலேட்டரை மிதித்ததும் குமிழ்கள் ஒன்றாகச் சேர்ந்து நுரையாகவே போனது. "ஏர் எடுக்குதுங்க" என்று சொல்லிவிட்டு டேங்குப் பக்கம் குனிந்து, ஹோஸ் கிளாம்பைக் கழற்றிக் காட்டினார். கிளாம்ப் அழுத்திய இடத்தில் ரப்பரில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெடிப்பு. வெளியே சொட்டு டீசல் கூட ஒழுகவில்லை. அது சக்ஷன் லைன், உள்ளே இழுக்கும் பக்கம். டீசலை வெளியே விடாது, காற்றை உள்ளே வாங்கும். டேங்கில் மட்டம் உயரமாக இருக்கும்போது ஃபீட் பம்ப் சிரமமில்லாமல் இழுக்கிறது. மட்டம் இறங்க இறங்க இழுவை கூடுகிறது, காற்றும் கூடவே வருகிறது. காற்று கலந்த டீசலை வைத்துக்கொண்டு எந்தப் பம்பாலும் பிரஷர் கட்ட முடியாது. ஹோஸ், இரண்டு கிளாம்ப், கூலி எல்லாம் சேர்த்து 650 ரூபாய் ஆனது.

அப்புறம் பம்பைப் பார்த்தார். அலுமினிய நிறத்தில் பளபளவென்று இருந்தது. ஆனால் பெயின்ட் போல்ட் தலைகள் மேலும், பெயர்த்தகட்டின் மேலும் சேர்த்தே அடிக்கப்பட்டிருந்தது. துணியில் தின்னர் நனைத்துத் துடைத்ததும், கீழே ஸ்பேனர் வழுக்கி மழுங்கிய போல்ட் தலைகள் தெரிந்தன. தகட்டில் எண் தெரிந்தது. பாஷ் கம்பெனிப் பம்பின் எண் பத்து இலக்கம், இந்த ரகத்தில் 0 445 என்று தொடங்கும். எங்கள் வண்டியில் கம்பெனியிலிருந்து வந்த பம்பின் எண்ணை அவர் தன் நோட்டில் குறித்து வைத்திருந்தார். இரண்டும் ஒன்றல்ல. வேறு வண்டியிலிருந்து எடுத்த பழைய பம்பைத்தான் புதுசு என்று மாட்டியிருக்கிறார்கள். 9,500 கொடுத்த "புது" மீட்டரிங் யூனிட் எங்களுடையதேதான். போன சர்வீஸில் அவர் அதன் ஸ்க்ரூவில் வைத்த மஞ்சள் பெயின்ட் பொட்டு அப்படியே இருந்தது.

பம்பைச் சோதனைப் பெஞ்சில் ஏற்றி ஓட்டிப் பார்த்ததில், வேகமாகச் சுற்றும்போது பிரஷர் வருகிறது, செல்ஃப் அடிக்கும் வேகத்தில் வரவில்லை. காமன் ரயில் வண்டி ஸ்டார்ட் ஆகவே ஏறக்குறைய 200 பார் (அழுத்த அளவு) வேண்டும். இந்தப் பம்ப் சூடானால் அதைக் கட்டத் திணறுகிறது. கிட் போட்டு ஓவர்ஹால் செய்ய 28,000 சொல்கிறார். எங்கள் எண்ணுக்கான புதுப் பம்ப் வரியோடு 82,000 என்று டீலரிடம் சொன்னார்கள். ஆக, புதுப் பம்பின் விலையை விட அதிகம் கொடுத்து ஒரு தேய்ந்த பம்பை வாங்கியிருக்கிறோம். எனக்கு வயிறு எரிவது அந்தப் பணத்தை நினைத்து மட்டுமல்ல. எங்களுடைய நல்ல பம்ப் போய்விட்டதே, அதுதான். பிரஷர் குறைந்ததற்குக் காரணம் அந்த ஹோஸ், பம்புக்கு ஒரு குறையும் இல்லை. அது இந்நேரம் இன்னொரு வண்டியில் "புதுப் பம்ப்" என்று ஏறியிருக்கும்.

இரும்புத்தூள் போட்டோவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயமுறுத்த இதைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். உயர் அழுத்தப் பம்ப் உள்ளே தேய்ந்து தூள் கொட்டுவது நிஜமாகவே நடக்கும். டீசலில் தண்ணீர் சேர்ந்தால், மண்ணெண்ணெய் கலந்தால், பிஎஸ்-6 வண்டியில் தவறிப்போய் ஆட்ப்ளூவை (புகையைச் சுத்தம் செய்யும் திரவம்) டீசல் டேங்கில் ஊற்றினால் பம்ப் கெடும். அப்படிக் கொட்டிய தூள் பம்போடு நிற்காது. ரயிலுக்குப் போகும், இன்ஜெக்டருக்குப் போகும், ரிட்டர்ன் லைன் வழியே டேங்குக்கே திரும்பி வரும். அதனால் உண்மையில் தூள் இருந்தால் ரயில், பைப்புகள், இன்ஜெக்டர்கள் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும், டேங்கை இறக்கிக் கழுவ வேண்டும். அந்தச் செலவு பெரியதுதான், அதைச் செய்யச் சொல்லும் மெக்கானிக்கைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தூளைப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டு பம்பை மட்டும் மாற்றி அனுப்புகிறவர் பொய் சொல்கிறார், அல்லது மாட்டிய பம்பும் சீக்கிரம் போகட்டும் என்று விடுகிறார். மாப்பிள்ளை அங்கே மாற்றிய பழைய ஃபில்டரைக் கேபினிலேயே வைத்திருந்தார். எங்கள் மெக்கானிக் அதை அறுத்து, தாளை வெள்ளைத் துணியில் பிழிந்து, காந்தமும் வைத்துப் பார்த்தார். கறுப்பு அழுக்கு இருந்தது, உலோகம் ஒரு பொடி கூட இல்லை. மீட்டரிங் யூனிட்டின் சின்ன வலையிலும் இல்லை.

பிரஷர் குறைவு என்று கோடு வந்தால் பம்ப் கடைசி சந்தேகமாகத்தான் இருக்க வேண்டும். முதலில் ஃபில்டர், தண்ணீர் பிரிக்கும் கிண்ணம், டேங்குக்குள் இருக்கும் வலை. பிறகு டியூப் மாட்டிக் காற்று வருகிறதா என்பது. பிறகு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் (மிச்ச டீசல் திரும்பும் வழி): ஒவ்வொன்றின் ரிட்டர்ன் வாயிலும் ஒரு சின்ன பாட்டில் மாட்டி இன்ஜினை ஓடவிட்டால், எதில் மட்டும் மட்டம் மளமளவென்று ஏறுகிறதோ அந்த இன்ஜெக்டர்தான் பிரஷரைத் தின்கிறது. ரயிலில் இருக்கும் ரிலீஃப் வால்வு ஒழுகலாம், சென்சார் தப்பாகக் காட்டலாம், மீட்டரிங் யூனிட் சிக்கலாம். இதையெல்லாம் பார்க்கப் பெரிய மெஷின் எதுவும் தேவையில்லை, பம்பை இன்ஜினிலிருந்து இறக்கவும் தேவையில்லை. எந்தச் சோதனையும் செய்யாமல் நேராக ஸ்பேனரை எடுப்பவரிடம், வண்டியிலிருந்து கையை எடுங்கள் என்று டிரைவர் தைரியமாகச் சொல்லலாம். ஒன்றை மட்டும் யாரையும் செய்யவிடாதீர்கள்: பழைய இன்ஜினில் செய்வதுபோல, இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் பைப் நட்டை லூஸ் செய்து பார்ப்பது. இந்த லைன்களில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் போகும். அந்தப் பீய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும், வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

பிஎஸ்-3, அதற்கும் முந்தைய வண்டிகளில் இன்லைன் பம்ப் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு எலிமென்ட் வரிசையாக உள்ள பழைய வகை) வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே ஏமாற்று வேறு விதம். ஆறு எலிமென்ட்டும் மாற்றினேன் என்று பணம் வாங்கிக்கொண்டு இரண்டை மட்டும் மாற்றுவார்கள். காலிபரேஷன் பெஞ்சில் பம்ப் ஓடும்போது நேரில் போய் நில்லுங்கள். கண்ணாடிக் குழாய்களில் டீசல் ஆறிலும் ஒரே மட்டத்துக்கு ஏற வேண்டும். முடிந்ததும் ஃபுல் லோடு ஸ்க்ரூவில் (அதிகபட்ச டீசல் அளவை வைக்கும் ஸ்க்ரூ) கம்பி கட்டி ஈய சீல் வைக்கச் சொல்லுங்கள். கழற்றிய எலிமென்ட்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

காமன் ரயில் பம்புக்கு இப்போதே ஒரு வேலை செய்யலாம். உங்கள் வண்டியின் பம்ப் தகட்டைத் துடைத்து, எண்ணும் சீரியலும் தெரியும்படி போட்டோ எடுத்து டிரைவர் போனிலும் உங்கள் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். பாஷ் தொழிற்சாலையில் புதுப்பித்த எக்ஸ்சேஞ்ச் பொருளுக்கு 0 986 என்று தொடங்கும் வேறு எண் உண்டு, ஆகவே எக்ஸ்சேஞ்ச் பம்ப் என்றால் அந்த எண் பெட்டியில் இருக்க வேண்டும். பில் இல்லாமல் வரியை மிச்சப்படுத்தலாம் என்ற பேச்சுக்கு மயங்க வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் வண்டி உதிரிபாகங்கள் எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி ஒரே 18 சதவீதம்தான். பில் இல்லையென்றால் வாரன்டி இல்லை, வழக்குக்கும் பிடிமானம் குறைந்துவிடும்.

எங்களிடம் பில் இல்லை. ஆனால் யுபிஐயில் பணம் போன பதிவு இருக்கிறது, அவர்கள் அனுப்பிய போட்டோவும் குரல் பதிவுகளும் இருக்கின்றன, அந்த வெள்ளைத் தாளும் இருக்கிறது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தோம். கடைக்காரர் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். லாரி தொழில் வண்டியாயிற்றே, நுகர்வோர் சட்டம் செல்லாது என்று பலர் சொன்னார்கள். 2019 சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது: சுயதொழில் செய்து சொந்தப் பிழைப்புக்காக மட்டும் வாங்குபவரும் நுகர்வோர்தான். இன்னொரு வசதி, கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே மனுப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, நடந்த இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும். நாமக்கல்லில் மனுக் கொடுத்துவிட்டோம். கேட்டிருப்பது கொடுத்த பணத்தையும், எங்கள் பம்பையும். மெக்கானிக்கின் நோட்டுப் பக்கத்தின் நகலை, எங்கள் பம்பின் எண்ணோடு, மனுவுடன் இணைத்திருக்கிறோம்.