என்டிட்டி விஷயத்தில் லின்க்ஸா, டபிள்யூ3எம்மா?

2003-ஐ ஒட்டி நான் சேமித்து வைத்த எச்டிஎம்எல் பக்கங்கள் முந்நூறு போல இருந்தன. பாதி ஆங்கிலம், பாதி தமிழ். எல்லாவற்றையும் வெறும் உரையாக்கி வைக்க, டெர்மினல் உலாவி (கட்டளைத் திரையில் எழுத்தாக மட்டும் பக்கம் காட்டுவது) ஒன்றின் டம்ப் வசதியே, அதாவது பக்கத்தை உரையாகக் கொட்டித் தருவதே போதும் என்று இறங்கினேன். கையில் இருந்தவை இரண்டு: கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1992-ல் தொடங்கிய லின்க்ஸ், ஜப்பானிலிருந்து வந்த டபிள்யூ3எம். இரண்டையும் பிரித்துக் காட்டியது என்டிட்டி, அதாவது எச்டிஎம்எல்லில் ஓர் எழுத்தை நேரடியாகத் தட்டாமல் அதன் எண்ணாலோ பெயராலோ எழுதும் குறி. கடைசியில் லின்க்ஸ் பக்கம் சாய்ந்தேன்.

அட்டவணை என்றால் டபிள்யூ3எம்தான். கட்டம் கட்டமாக அழகாக வரும். லின்க்ஸில் அது கலைந்துவிடும். வேகம் இரண்டிலும் ஒன்றுதான். தமிழுக்கும் பிரச்சினை இல்லை. &#2980;&#2990;&#3007;&#2996;&#3021; என்று எண்ணாகவே எழுதியிருந்த பக்கங்கள், வெளியீட்டை யூடிஎஃப்-8 (யூனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் முறை) என்று சொன்னதும் இரண்டிலும் 'தமிழ்' என்றே வந்தன.

சிக்கல் வந்தது &#150; என்ற ஒரு சின்னக் குறியில்.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடில் 128 முதல் 159 வரையான எண்கள் கட்டுப்பாட்டுக் குறிகளுக்கானவை. கண்ணுக்குத் தெரியும் எழுத்து எதுவும் அங்கே கிடையாது. ஆனால் அந்தக் காலத்து விண்டோஸ் மென்பொருள்கள் தங்கள் 1252 என்ற எழுத்துக் குறியீட்டு அட்டவணையின் எண்ணையே அப்படியே என்டிட்டியாக எழுதிவிட்டன: 150 என்றால் சிறு கோடு, 146 என்றால் வளைந்த மேற்கோள், 133 என்றால் மூன்று புள்ளி. தவறுதான். ஆனாலும் அப்படி எழுதிய பக்கங்கள் ஏராளம் என்பதால், எச்டிஎம்எல் தரநிலையே இந்த 32 எண்களில் 27-க்கு மாற்று எழுத்து குறித்துவைத்திருக்கிறது.

லின்க்ஸ் அந்த மாற்றத்தைச் செய்கிறது. டபிள்யூ3எம்மோ அந்த வரிசை எண்ணைக் கண்டால் வெற்றிடம் விட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. '1998–2001' என்று இருக்க வேண்டிய இடத்தில் '1998 2001' என்று வந்து நிற்கும். முதலாவது நான்கு வருடக் காலம். இரண்டாவது இரண்டு தனி வருடங்கள். கேள்விக்குறியோ கட்டமோ வந்திருந்தால் உடனே கண்ணில் பட்டிருக்கும். வெற்றிடம் படாது. அறுபது பக்கங்களை மாற்றி முடித்து, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. ஆவணமாக வைக்கப்போகும் உரையில் இதை என்னால் ஏற்க முடியவில்லை.

டபிள்யூ3எம்மில் இன்னொரு சீரின்மையும் உண்டு. என்டிட்டிகளை ஆஸ்கி (சாதாரண ஆங்கில விசைப்பலகை) எழுத்துகளால் காட்டும் அமைப்பு ஒன்று அதில் இருக்கிறது. அதை இயக்கினால், என்டிட்டியாக எழுதிய காப்புரிமைக் குறி மட்டும் மாறும். நேரடியாகத் தட்டச்சு செய்த அதே குறி அப்படியே நிற்கும். அப்புறம் தேடும்போது ஒரே குறியை இரண்டு விதமாகத் தேட வேண்டியிருக்கும்.

லின்க்ஸும் முழுக்கச் சுத்தம் இல்லை. பக்கத்தின் உரையில் வரும் என்டிட்டியை ஒரு நிரல் பகுதி கையாள்கிறது. படத்தின் மாற்று உரை போன்ற பண்புகளுக்குள் வருவதை வேறொரு பகுதி கையாள்கிறது. அதனால் படங்கள் நிறைந்த பக்கங்களை நான் தனியாக ஒருமுறை சரிபார்த்தேன். என் பக்கங்களில் பிழை எதுவும் அகப்படவில்லை. ஆனால் அவற்றில் படங்கள் குறைவு, அதை வைத்து எல்லோருக்கும் உறுதி சொல்ல மாட்டேன். ஈலிங்க்ஸ் என்ற இன்னொரு டெர்மினல் உலாவியை இரண்டு நாள்தான் ஓட்டிப் பார்த்தேன். தீர்ப்பு சொல்ல அது போதாது.

அட்டவணைக்காக டபிள்யூ3எம்தான் வேண்டும் என்றால் வழி இருக்கிறது. ஆனால் என்டிட்டிகளை எழுத்தாக மாற்றும் பைத்தான் மொழியின் அன்எஸ்கேப்பை முழுக் கோப்பின் மேலும் ஓட்டிவிடாதீர்கள். உரைக்குள் என்டிட்டியாக இருந்த < குறிகூட நிஜக் குறியாகிவிடும், உலாவி அதை டேக் (எச்டிஎம்எல் கட்டளைக் குறி) என்று எடுத்துக்கொண்டு பின்னால் வரும் சொற்களை விழுங்கிவிடும். 128 முதல் 159 வரையான எண்களை மட்டும் sed என்ற உரை மாற்றும் கட்டளையால் சரியான யூனிகோட் எண்ணுக்கு மாற்றி, அதன் பிறகு கொடுங்கள். என்னிடம் இருந்த பன்னிரண்டு அட்டவணைப் பக்கங்களுக்கு அப்படித்தான் செய்தேன், கோடு ஒன்றுகூடத் தொலையவில்லை. மற்றதெல்லாம் லின்க்ஸ்.