வைக்கிங் வாள் நகல்: எச் வகையா, எக்ஸ் வகையா?

நார்வேயில் கிடைத்த வைக்கிங் வாள்களைப் பிடியின் அமைப்பை வைத்து தொல்லியலாளர் யான் பெட்டெர்சன் 1919இல் ஆங்கில எழுத்துகளைப் பெயராக வைத்து வகை பிரித்தார். நகல் விற்பவர்கள் இன்றும் அந்தப் பெயர்களைத்தான் சொல்கிறார்கள். என்னிடம் எச், எக்ஸ் இரண்டும் இருந்தன. இப்போது எக்ஸ் மட்டும் இருக்கிறது, அதனால் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

அழகு என்றால் எச்தான். பிடியின் முனையில் முக்கோணக் குமிழ், பிடியில் நெருக்கமாகக் கீறி அடித்துப் பதித்த வெள்ளிக் கம்பி, இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சேர்த்து அடித்ததால் வரிவரியாகத் தெரியும் அலகு. எக்ஸை அதன் பக்கத்தில் வைத்தால் மொட்டையாகத் தெரியும். எடை இரண்டும் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். விலையோ, வரியோடிய அலகு என்றாலே பல மடங்கு.

ஆனால் நான் இருப்பது நார்வேயின் மேற்குக் கரையிலுள்ள பெர்கனில். இங்கே மழை நிற்கிற நாளைத்தான் எண்ண வேண்டும். முதல் குளிர்காலத்தில் இரண்டையும் தோல் உறையிலேயே விட்டுவிட்டேன். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்று அப்போது உறைக்கவில்லை. இரண்டிலும் துரு. எக்ஸை மெல்லிய உப்புத்தாளால் நீளவாக்கில் தேய்த்து எண்ணெய் பூசினேன், கால் மணி நேரத்தில் முடிந்தது. எச் வாளில் அப்படிச் செய்ய முடியாது. அமிலம் இரும்பையும் எஃகையும் வேறுவேறாக அரிப்பதால்தான் வரி தெரிகிறது. துருவைத் தேய்த்தால் அந்த இடத்தில் வரியும் மங்கிவிடும். பழையபடி வர முழு அலகையும் மறுபடி அமிலத்தில் காட்ட வேண்டும். குமிழ் இரண்டு துண்டாக ஆணியடித்தது, அந்த இடுக்கிலும் துரு. வெள்ளி கறுத்தால் துலக்கும் பசை கம்பிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். பல்குச்சியோடு எத்தனை ஞாயிற்றுக்கிழமை! கடைசியில் மங்கிய இடத்தைக் காட்டியே விற்றேன், நினைத்த விலை வரவில்லை.

எக்ஸ் என்றால் மலிவுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். அது பத்தாம் நூற்றாண்டு வகை. அதற்குள் நல்ல எஃகு கிடைத்து, முறுக்கு அலகின் தேவையே குறைந்துவிட்டது. அசல் வாள்கள் சிலவற்றின் அலகில் இருப்பதுபோல் உல்ஃப்பெர்ஹ்ட் என்ற பெயரை எழுத்தாகப் போட்ட எக்ஸ் நகலும் வரும். அசலில் அந்த எழுத்து இரும்புக் கம்பியைச் சூடாக அடித்துப் பதித்தது. நகலில் பெரும்பாலும் அமிலத்தில் பொறித்த கோடுதான், கேட்டு வாங்குங்கள்.

ஈரமில்லாத வீட்டில், கண்ணாடிப் பெட்டியில் வைப்பவர்களுக்கு எச் சரியாகவே இருக்கலாம். மோதிப் பழகுகிறவர்கள் வாங்கும் விளிம்பு தடித்த வாளில் எனக்கு அனுபவமில்லை. வெள்ளியைப் பார்க்க ஆசை வந்தால், 2011இல் தெற்கு நார்வேயின் லாங்கெய்ட் கல்லறையில் எடுத்த 94 செ.மீ. வாள் ஓஸ்லோ அருங்காட்சியகத்திடம் இருக்கிறது. துலக்குகிற வேலை அவர்களுடையது. என் உறை சுவரில் தொங்குகிறது, வாள் எண்ணெய்த் துணிக்குள்.