நெஞ்சுக்கூடு எந்த இதயத்தை ஏற்கும்?

கோவையில் போர்வெல் பம்பு வாங்கப் போனால் "எத்தனை இஞ்ச் போர்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். எச்.பி. எல்லாம் அப்புறம். செயற்கை இதயத்திலும் அப்படித்தான். முன்னால் நெஞ்செலும்பு, பின்னால் முதுகெலும்பு, இருபுறமும் நுரையீரல், கீழே உதரவிதானம். இந்த இடத்தில் அடங்காத கருவி எவ்வளவு நன்றாக ஓடினாலும் பயனில்லை.

இதுவரை அதிகம் பொருத்தப்பட்ட முழுச் செயற்கை இதயம் சின்கார்டியா. 1982-இல் பார்னி கிளார்க் என்ற நோயாளிக்கு வைத்த ஜார்விக்-7 என்ற செயற்கை இதயத்தின் வழி வந்தது. உள்ளே மோட்டார் கிடையாது. வெளியிலிருந்து குழாயில் வரும் காற்று, இரண்டு அறைகளின் சவ்வுகளைத் தள்ளும். அறைக்கு 70 மில்லி. இதற்கு, சிடி ஸ்கேனில் பத்தாவது மார்பு முள்ளெலும்பு மட்டத்தில் நெஞ்செலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவே குறைந்தது 10 செ.மீ. இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் உடல் பரப்பும் 1.7 சதுர மீட்டராவது வேண்டும். 165 செ.மீ. உயரம், 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குக் கணக்குப் போட்டால் சுமார் 1.66 தான் வருகிறது. நம்மூர்த் தோட்டங்களில் இந்த உடல்வாகு சர்வசாதாரணம். பெண்களில் பலருக்கு இன்னும் குறையும். மீறி வைத்து நெஞ்செலும்பை மூடினால், உடம்பின் கீழ்ப்பாதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் கீழ்ப்பெருஞ்சிரையும், இடது நுரையீரலிலிருந்து கொண்டுவரும் சிரைகளும் நசுங்கும். பம்புக்கு ரத்தமே வந்து சேராது. அதனால்தான் 50 மில்லி அளவு வந்தது.

பிரான்சின் கார்மாட் என்ற செயற்கை இதயம் சுமார் 900 கிராம். சிறிய உடலுக்கு அது சரிப்படாது.

பைவாகோர் என்ற செயற்கை இதயம் வேறு வழியில் போகிறது. அறைகளே இல்லை, காந்தப் புலத்தில் மிதந்து சுழலும் ஒரே சுழலி. அதன் ஒரு பக்க இறக்கைகள் நுரையீரலுக்கும், மறுபக்க இறக்கைகள் உடம்புக்கும் ரத்தம் தள்ளும். எடை சுமார் 650 கிராம். 2024 ஜூலையில் ஹூஸ்டனில் முதல் மனிதருக்குப் பொருத்தினார்கள். நம் உடம்புக்கு ஏற்ற வடிவம் இதுதான் என்பேன். ஆனால் அனுபவம் இன்னும் போதாது.

இன்றைக்கு, வலது கீழறை தாக்குப்பிடிக்கிற நோயாளிக்கு என் தேர்வு ஹார்ட்மேட் 3. இது முழு இதயமல்ல, இடது கீழறைக்கு மட்டும் துணை நிற்கும் பம்பு. சொந்த இதயத்தை எடுக்காமல், இடது கீழறை நுனியில் பொருத்தி இதய உறைக்குள்ளேயே அடக்கிவிடலாம். முந்தைய ஹார்ட்மேட் 2-க்கு உதரவிதானத்துக்குக் கீழே தனியாக ஒரு பை வெட்ட வேண்டியிருந்தது.

நான்கிலும் தோலைத் துளைத்து வயரோ குழாயோ வெளியே வரும். அந்தத் துளை வழியே கிருமி புகாமல் காப்பது தினசரி வேலை. காலிங்கராயன் வாய்க்காலில் இறங்கிக் குளிப்பதெல்லாம் கூடவே கூடாது. இதை ஆபரேஷனுக்கு முன்பே குடும்பத்தாரிடம் விளக்கிச் சொல்லிவிட வேண்டும்.